சதுர அறையில் கும்மும் பேஸ்: ஈக்வலைசர் எவ்வளவு தூரம் உதவும்?

கிருஷ்ணகிரியில் புதுவீட்டு மாடியில் 12-க்கு 12 அறை, 10 அடி உயரம். டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மூலையில் பேஸுக்கென்றே (தாழ்ந்த ஒலிக்கென்றே) உள்ள 10 அங்குல சப்வூஃபர், பின்சுவரை ஒட்டி சோபா. எண்பதுகளின் பாட்டு போட்டால் பேஸ் கிட்டாரில் ஒன்றிரண்டு சுரங்கள் மட்டும் கும்மென்று எழுந்து அறையை நிரப்புகின்றன, பக்கத்துச் சுரம் இருக்கிற இடமே தெரிவதில்லை. பேஸ் குமிழைக் குறைத்தால் பாடகர் குரல் மெலிந்து போகிறது. கடையில், அறைக்கேற்ப ஒலியைத் தானே திருத்தும் ரூம் கரெக்‌ஷன் உள்ள விலை கூடிய ஏவிஆர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) வாங்கச் சொல்கிறார்கள், ஒலியைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் வெறும் ஈக்வலைசர் போதாதா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் “ஸ்பீக்கரே தப்பா வாங்கிட்டேனோ” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் சவுண்ட் சர்வீஸ் செய்கிறவன். திருவிழா, கூத்து, கல்யாண மண்டபம் என்று தொடங்கி, பிறகு தருமபுரி முதல் ஓசூர் வரை வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டித் தருகிறேன். பாலக்கோட்டில் ஒரு வாடிக்கையாளர் பழைய ஓட்டு வீட்டில் எட்டு வருடம் ஒரே செட்டில் பாட்டுக் கேட்டார். ஒரு குறையும் சொன்னதில்லை. அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டி, அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபயரை வைத்தார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, “என்னங்க, குடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு” என்றார். மாறியது வீடு மட்டும்தான். ஓட்டின் இடுக்கு, மரச் சட்டம், மூடாத சாளரம் வழியாக முன்பு தாழ்ந்த ஒலி வெளியே போய்க்கொண்டிருந்தது. பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் தளம், கீழே நம்ம ஊர் கிரானைட் என்று ஆறு பக்கமும் இறுகியபின், 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) ஒலி போவதற்கு வழியில்லை. மேல்நாட்டுக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். அவர்கள் வீடுகளில் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவர். அது பேஸில் கொஞ்சம் அதிர்ந்து, கொஞ்சம் விழுங்கிவிடும். நம் சுவர் எதையும் விழுங்காது.

ஸ்பீக்கரா, அறையா என்பதைக் காசில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. உங்கள் அறை மாடியில்தான் இருக்கிறது. ஒரு மாலையில் சப்வூஃபரையும் ஒரு டவரையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் நடுவில் வையுங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்ட இருக்கட்டும். அறையில் கும்மிய அதே பாட்டை, அண்டை வீட்டார் முகம் சுளிக்காத அளவில் போடுங்கள். பேஸ் குறைவாகத்தான் கேட்கும், வெட்டவெளியில் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தொடங்கிய இடத்தில் தொடங்கி நின்ற இடத்தில் நின்றால், உங்கள் ஸ்பீக்கரில் குறையில்லை. அங்கேயும் ஒரே சுரம் உப்பினால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். கூத்துக்குப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. களத்து மேட்டில் ‘டண் டண்’ என்று நறுக்காக விழும் பம்பை, மண்டபத்துக்குள் வந்ததும் ஒரே முழக்கமாகிவிடும். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அறைதான் காரணம் என்று எனக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரிகிறது. இருந்தாலும் ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், மனசு நிம்மதியாகும்.

அறை ஏன் ஒரு சில சுரங்களை மட்டும் தூக்குகிறது? பிளஸ் ஒன் இயற்பியலில் நிலை அலை படித்திருப்போம். ஒலி விநாடிக்கு நம்ம ஊர் வெயிலில் சுமார் 1140 அடி ஓடுகிறது. 12 அடி தள்ளி இருக்கும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்ப 24 அடி. 1140-ஐ 24-ஆல் வகுத்தால் 47.5 ஹெர்ட்ஸ். அந்த ஒலி போனதும் திரும்பியதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வளரும். அதன் இரட்டிப்பு 95 ஹெர்ட்ஸிலும் இதே கதை. 10 அடி உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உங்கள் அறையின் கெட்ட நேரம், அது சதுரம். நீளத்துக்கு ஒரு எண், அகலத்துக்கு வேறு எண் என்று இருந்தால் உப்பல் பரவலாகிவிடும். உங்களுக்கு இரண்டும் ஒரே 47.5-இல் வந்து நிற்கின்றன. இதைப் பேஸ் கிட்டாரோடு பொருத்திப் பாருங்கள். அதன் தடித்த கம்பி சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே எஃப் ஷார்ப் 46, ஜி 49, ஏ 55. அதாவது எஃப் ஷார்ப்பும் ஜியும் நேராக உங்கள் அறையின் மேட்டில் ஏறி உட்காருகின்றன. ஒரு ஸ்தாயி மேலே போனாலும் அவை 92-உம் 98-உம், மறுபடி 95-க்கு இரு பக்கமும். “ஒரு சில சுரங்கள் மட்டும்” என்று காதால் கேட்டுச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பேஸ் குமிழ் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மேலே என்று ஒரு பெரிய பரப்பையே சாய்க்கிறது. மேட்டை வெட்ட நினைத்து ஊரையே தாழ்த்துகிறோம். ஆண் குரலின் அடிப்பகுதியும் அதோடு போய்விடும். பழைய 10 பட்டை கிராஃபிக் ஈக்வலைசரிலும் சிக்கல் உண்டு. அதில் 31 இருக்கும், அடுத்தது 62, உங்கள் 47 நடுவில் தப்பித்து நிற்கும். நாங்கள் மேடையில் வைக்கும் 31 பட்டையில் 40, 50, 63 என்று வரும். அதில் 50-ஐ இறக்கினால் ஓரளவு கிட்டப் போகலாம். சரியான கருவி பாராமெட்ரிக் ஈக்வலைசர். எந்த ஹெர்ட்ஸ், எத்தனை டிபி (டெசிபெல், சத்தத்தின் அளவு), எவ்வளவு குறுகலாக என்று மூன்றையும் நாமே சொல்லலாம். குறுகலைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் க்யூ, எண் கூடக் கூட வெட்டு ஒடுங்கும்.

ஆனால் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் சோபாவைத் தள்ளுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள்கூட சோபாவை நகர்த்தத் தயங்குகிறார்கள், மொத்தத்தில் அதிகப் பலன் அங்கேதான். பேஸின் அழுத்தம் சுவரில்தான் உச்சம். நீங்கள் பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், சப்வூஃபர் மூலையில். பாடுபவரும் கேட்பவரும் இருவருமே மேட்டின் உச்சியில். சோபாவை ஓர் அடி இழுத்தால் 47.5-இல் ஒன்றும் நடக்காது, அரை டிபிகூடக் குறையாது. பலர் இத்தோடு விட்டுவிட்டு “நகர்த்திப் பார்த்தேன், பயனில்லை” என்கிறார்கள். 3 அடி வந்தால் 3 டிபி. 4 அடி வந்தால் 6 டிபி. அது சின்ன விஷயமில்லை, அந்த ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரின் சக்தியை நாலில் ஒன்றாக்கியதற்குச் சமம். 4 அடியில் இன்னொரு வசதி, 95 ஹெர்ட்ஸ் மேடும் அதே 6 டிபி இறங்கும். 3 அடியில் நின்றால் 95 ஹெர்ட்ஸ் முற்றிலும் விழுந்துவிடும், அதுவும் நல்லதில்லை. அறையின் சரி நடுவான 6 அடியில் 47.5 காணாமலே போகும், அங்கே உட்கார்ந்தால் பேஸே இல்லை என்பீர்கள். இது காலி அறைக்கான கணக்கு. கதவு, ஜன்னல், ஸ்லாப் அலமாரி எல்லாம் சேர்ந்து அரை அடி முன்னே பின்னே மாற்றும். 4 அடியில் தொடங்கி, பேஸ் கிட்டார் நன்றாக நடக்கும் ஒரு பாட்டைப் போட்டு, நாற்காலியைச் சாண் சாணாக நகர்த்திக் காதால் முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது சப்வூஃபர். மூலை என்பது எல்லா நிலை அலைகளையும் ஒன்றாகத் தட்டி எழுப்பும் இடம். சத்தம் அதிகம் வருகிறதென்று எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே சுரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கின்றனவோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். ஒலி போகும் பாதையில் இரு முனையையும் மாற்றிப் போட்டாலும் விளைவு அதேதான், அதனால்தான் இது வேலை செய்கிறது. முன்சுவரின் நடு, அல்லது பக்கச் சுவரில் முன்பக்கத்திலிருந்து 3, 4 அடி தள்ளி, இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு அமையும் என்று எதிர்பார்க்கிறேன். பக்கச் சுவரின் சரி நடுவில் வைத்தால் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையிலான 47.5 அறவே எழும்பாது, பேஸ் மெலிந்துவிடும், அங்கே வேண்டாம். பின்னாளில் பணம் வந்தால், பெரிய ஒரு சப்வூஃபர் வாங்குவதைவிட அளவான இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது மேல். ஒன்று தள்ளும் அலையை மற்றது சமன் செய்துவிடும். ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் டாட் வெல்டியும் இதை விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றை உடனே பார்த்துவிடுங்கள். ஏவிஆர் அமைப்பில் டவர்கள் ‘லார்ஜ்’ என்றும் சப்வூஃபர் ‘எல்எஃப்இ பிளஸ் மெயின்’ என்றும் இருக்கிறதா? சில கம்பெனி ஏவிஆரில் இதற்கு ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று பெயர். அப்படியிருந்தால் ஒரே பேஸ் டவரிலும் வருகிறது, சப்பிலும் வருகிறது. நான் போய்ப் பார்த்த ‘கும்முது’ புகார்களில் பலவற்றுக்கு இது ஒன்றே பாதிக் காரணமாக இருந்தது. டவரை ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட், ‘ஹால்’ எல்லாவற்றையும் அணையுங்கள். டவரின் பின்னால் காற்றுத் துளை இருந்து அது சுவரைப் பார்த்திருந்தால், ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் செய்தபின் மிச்சமிருக்கும் மேடுகளுக்குத்தான் ஈக்வலைசர். அதற்கு அளக்க வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 போல ஒவ்வொரு மைக்குக்கும் தனி அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் ஒன்று வாங்கிவிட்டால் வாழ்நாளுக்கும் போதும். ஆன்லைனில் வரவழைக்கலாம், பெங்களூரு எஸ்.பி. ரோடு போகிறபோது விசாரித்தும் பார்க்கலாம். கைப்பேசி மைக்கை நான் நம்புவதில்லை. பேச்சுக்காக வடிவமைத்தது, பல மாடல்களில் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே வெட்டியிருப்பார்கள். மைக் வரும்வரை, 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஒற்றைச் சுர ஒலிகளை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் குறைந்த சத்தத்தில் போட்டு, எது திடீரென்று எழுகிறது, எது திடீரென்று மறைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சில விநாடி போதும், நீண்ட நேரம் ஓட்டினால் வூஃபரின் கம்பிச்சுருள் (காயில்) சூடேறும்.

மைக்கால் அளக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் செய்தால் நல்லது. கிருஷ்ணகிரியில் 44-ஆம் எண், 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டும் சேருகின்றன. லாரி போகிற உறுமல் 30, 40 ஹெர்ட்ஸில் உங்கள் வரைபடத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். தலை இருக்கும் இடத்திலும், அதைச் சுற்றி ஓர் அடி தள்ளி நாலைந்து இடங்களிலும் அளங்கள். எல்லா இடத்திலும் வரும் மேட்டை மட்டும் வெட்டுங்கள். உங்களுக்கு 47 பக்கத்தில் 6 அல்லது 8 டிபி வெட்டு, க்யூ 4-லிருந்து 6, பிறகு 57-இலோ 95-இலோ ஒன்று என்று மூன்று நாலு வடிகட்டிகள் (இப்படிப்பட்ட வெட்டுகள்) போதும் என்று நினைக்கிறேன். சரியான எண்ணை உங்கள் வரைபடம்தான் சொல்லும். தாழ்ந்த ஒலியில் மேட்டைச் சரியான அகலத்தில் வெட்டினால், நீங்கள் உட்காரும் இடத்தில் அந்தச் சுரம் நின்றபின் இழுத்து முனகுவதும் சேர்ந்தே குறையும். இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது. இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். தருமபுரியில் ஒரு வீட்டில் 70 ஹெர்ட்ஸில் பெரிய பள்ளம். அனுபவம் குறைந்த காலம், 9 டிபி ஏற்றினேன். வரைபடத்தில் ஒன்றும் நிரம்பவில்லை. பள்ளம் என்பது நேரே வரும் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பது. நேரே வருவதைக் கூட்டினால் திரும்புவதும் அதே அளவு கூடும், கணக்கு மறுபடி பூஜ்யம். 9 டிபி என்றால் எட்டு மடங்கு சக்தி. மூன்றாம் வாரம் வூஃபரின் கம்பிச்சுருள் கருகியது. என் காசில் மாற்றிக் கொடுத்தேன். பள்ளத்துக்கு மருந்து இடத்தை மாற்றுவது மட்டும்தான்.

200, 250 ஹெர்ட்ஸுக்கு மேல் ஈக்வலைசரை ஓட விடாதீர்கள் என்பேன். உங்கள் அறை அளவுக்கு ஏறக்குறைய அந்த எல்லைவரைதான் அறையின் ஆட்சி. அதற்கு மேலே காது, நேரே வரும் ஒலியை வைத்துத்தான் ஸ்பீக்கரை எடைபோடுகிறது. அங்கே மைக் காட்டும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்தினால் குரலின் உயிர் போய்விடும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், முழுப் பரப்பையும் திருத்த வேண்டும் என்று வாதிடுகிற திறமைசாலிகளும் இருக்கிறார்கள். நான் சொல்வது என் காதும் என் வாடிக்கையாளர்களின் காதும் சொன்னது.

இப்போது ரூம் கரெக்‌ஷன். ஆடிஸி, டிராக், யமஹாவின் ஒய்பிஏஓ எல்லாம் மேலே சொன்ன அளத்தலையும் வெட்டுதலையும் தாமே செய்யும் ஏற்பாடுகள். ஸ்பீக்கர்களுக்கு இடையே நேரத்தையும் சத்தத்தையும் பொருத்தும், இது கையால் செய்யச் சிரமமான வேலை. ஆனால் சோபாவை நகர்த்த அவற்றுக்குக் கை கிடையாது. பள்ளத்தை நிரப்பும் வித்தையும் கிடையாது. உங்களிடம் இருக்கும் ஏவிஆரில் ஏற்கெனவே ஏதாவது ஒன்று இருக்கக்கூடும், மைக் பெட்டியிலேயே பிரிக்காமல் கிடக்கிறதா பாருங்கள். நிறைய வீடுகளில் அப்படித்தான் கிடக்கிறது. ஓட்டும்போது மைக்கை சோபா மெத்தைமேல் வைக்காமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆடிஸி ஓட்டியபின் கும்மல் கூடிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ‘டைனமிக் ஈக்யூ’ ஆன் ஆகியிருக்கும், குறைந்த சத்தத்தில் அது பேஸை ஏற்றும். அதை அணைத்துக் கேளுங்கள். திருத்தத்தை எந்த ஹெர்ட்ஸோடு நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க ஆடிஸிக்குக் கட்டண ஆப் ஒன்று இருக்கிறது, அது கொடுக்கும் காசுக்குத் தகும். இந்த ஒரு பிரச்சினைக்காக மட்டும் இப்போது புது ஏவிஆர் வாங்காதீர்கள். கையால் மாற்றும் ஈக்வலைசர் பல ஏவிஆர்களில் 63 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, உங்கள் 47-ஐ அது எட்டாது. ஏவிஆருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே மினிடிஎஸ்பி போன்ற ஒரு சின்னப் பெட்டி வைத்தால் வேண்டிய வடிகட்டிகளைப் போட்டுவிடலாம். பாட்டு முழுக்க விண்டோஸ் கணினியிலிருந்தே வருகிறது என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம், அதுவும் செலவில்லை.

சுவரில் முட்டை அட்டை, ஓர் அங்குல ஃபோம் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 47.5 ஹெர்ட்ஸின் அலைநீளம் 24 அடி, ஓர் அங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது மேல் ஒலியை மட்டும் விழுங்கி, பேஸை இன்னும் தூக்கலாகக் காட்டும். மூலைகளில் தரையிலிருந்து தளம்வரை 4 அங்குலம், முடிந்தால் 6 அங்குல ராக்வுல் (கல் பஞ்சு) பலகை, சுவரிலிருந்து சில அங்குலம் இடைவெளி விட்டு, துணி போர்த்தி வைத்தால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாகத் தெரியும். 95 மேட்டுக்கும் கொஞ்சம் உதவும். 47-க்குப் பெரிதாக உதவாது. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் மூலையில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், ராக்வுல் வாங்கலாமா என்று முடிவுசெய்ய அது போதும்.

இந்த ஞாயிறு சோபாவையும் சப்வூஃபரையும் நகர்த்திவிட்டு, ஒற்றைச் சுரச் சோதனையில் எந்த எண்கள் எழுந்தன, எவை மறைந்தன என்று இங்கேயே எழுதுங்கள். கதவு எந்தச் சுவரில், ஜன்னல் எதில், ஏவிஆர் மாடல் எது என்பதையும் சேர்த்து எழுதினால் வடிகட்டி எண்களை உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கதவைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுவும் எனக்கு வேண்டும்.